கார்ஸ்வெல் குடா சிப்பி சாப்பிடலாமா?

நான் நன்றாக எழுதுவேன். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் வந்த கேடெல்லாம் நான் நன்றாக எழுதியதால் வந்தது. கொஞ்சம் மோசமாக எழுதித் தொலைத்திருந்தால் என் தம்பி டேரில் இன்றைக்கும் தன் சிப்பிப் பண்ணைக்குத் தானே முதலாளியாக இருந்திருப்பான்.

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடம் செய்திகளுக்குத் தலைப்புப் போட்டவள் நான். பத்திரிகையை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மூடினார்கள், மத்தியானம் எங்களுக்குக் கேக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து எங்கள் ஊர் நிர்வாகமான கார்ஸ்வெல் கவுன்சிலில் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையில் ஐம்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அங்கேயும் தலைப்புப் போடுகிற வேலைதான். தேடுபொறியில் எதையாவது தட்டினால் வரிசையாக வரிகள் வருமே, அந்த வரிகளை எழுத வேண்டும். பக்கத்துக்குள்ளே நீங்கள் பத்து முழத்துக்கு எழுதி வைத்திருந்தாலும் வெளியில் தெரிவது அந்த ஒற்றை வரிதான். சுமார் அறுபது எழுத்து. அதற்கு மேல் போனால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடும். நான் போவதற்கு முன்னால் குப்பை வண்டி வருகிற நாளைச் சொல்லும் பக்கத்துக்கு "ஆவணம் 7ஆ – இறுதி – புதியது" என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த மகராசன் வைத்தானோ! "கார்ஸ்வெல்லில் குப்பை வண்டி எந்த நாள் வரும்?" என்று மாற்றினேன். வரவேற்பு மேசையில் இருந்த ஷெரிலுக்கு அன்றோடு குப்பையைப் பற்றி வந்துகொண்டிருந்த போன் நின்றுபோனது. அவள் எனக்கு ஒரு தட்டு லாமிங்டன் கேக் செய்து கொண்டுவந்தாள்.

எனக்கு மேலே இருந்தவன் ஜாரட். மெல்பர்னிலிருந்து வந்தவன், முப்பத்து நாலு வயது, வரைபடப் பைத்தியம். ஏறுகிற கோட்டைப் பார்த்தால் பிறந்த குழந்தையைப் பார்த்த மாதிரி முகம் மலரும். தலைப்பு எழுதுவது எப்படி என்று மற்றவர்களுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டான். கொடுத்தேன். தேடுகிறவன் வாயில் என்ன சொல் வருமோ அதையே போடு, நம் அலுவலகத்துச் சொல்லைப் போடாதே. ஊர்ப்பெயரை முன்னால் வை. பக்கத்தைத் திறக்காமலே பாதிப் பதில் தெரியட்டும். கடைசியில் தடித்த எழுத்தில் ஒன்று எழுதினேன்: முதல் இடத்தில் நிற்கிற தலைப்பை யாரும் தொடக்கூடாது. கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய இணையப் பக்கத்தின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றப் போய், முதலில் நின்றது மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்ட சூடு எனக்கு இருந்தது. ஜாரட் அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறை போட்டு அச்சு இயந்திரத்துக்கு மேலே ஒட்டினான். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துப் பூரித்துக்கொள்வேன்.

இப்போது தம்பி விஷயத்துக்கு வருகிறேன். டேரிலும் அவன் மனைவி லின்டலும் பத்தொன்பது வருடமாகக் குடாவில் சிப்பி வளர்த்தார்கள். கயிற்றில் கூடைகளைக் கட்டித் தொங்கவிட்டு, கடல் வற்றும்போது இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் திருப்பிப் போட்டு, அளவு பார்த்துப் பிரித்து, தலைநகர் ஹோபார்ட்டில் ஒரு பெரிய உணவகத்துக்கு அனுப்புவார்கள். சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. விடுமுறைக்கு வருகிறவர்கள் அங்கேயே நின்று டஜன் கணக்கில் வாங்கிப் பச்சையாகவே தின்பார்கள். அவர்களுக்கும் ஒரு இணையப் பக்கம் இருந்தது. அதன் தலைப்பு "முகப்பு". வெறும் "முகப்பு". நான் அதைச் சொல்லி எத்தனையோ நாள் கிண்டல் செய்திருக்கிறேன்.

"உலகத்துல முகப்பு வேணும்னு தேடறவன் மொத்தப் பேரும் உங்கிட்ட சிப்பி வாங்க வருவான்டா," என்பேன்.

"அப்ப மாத்திக் குடேன். பெரிய தலைப்பு மகாராணி!"

"இந்த வாரக் கடைசியில மாத்தறேன்."

மாற்றவே இல்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

அந்தப் பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. கவுன்சிலின் கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் நின்று, ஊர் அசிங்கமெல்லாம் குடாவுக்குள் போனது. கவனியுங்கள், எங்கள் கவுன்சிலின் மோட்டார். அது தெரிவதற்குள் ஒரு கல்யாண விருந்தில் சிப்பி சாப்பிட்ட பதினொரு பேர் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். அது டேரில் கொடுத்த சிப்பி இல்லை, யாரோ விருந்தாளிகள் பாறையிலிருந்து பெயர்த்து வந்தது. ஆனால் குடா ஒன்றுதானே? சுகாதாரத் துறை குடா முழுவதையும் மூடிவிட்டது. ஒரு சிப்பியைக்கூட யாரும் எடுக்கக் கூடாது.

துறையிலிருந்து எங்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது, கவுன்சில் தளத்தில் போடச் சொல்லி. தலைப்பு: "பொதுச் சுகாதார அறிவிப்பு எண் 14". எனக்குச் சிரிப்பு வந்தது. காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறவன் எண் பதினாலு என்றா தேடுவான்? அவன் வாயில் என்ன வரும் என்று யோசித்தேன். எழுதினேன்:

கார்ஸ்வெல் குடா சிப்பி சாப்பிடலாமா? வேண்டாம், நோய் வரும்.

ஊர்ப்பெயர் முன்னால், சிப்பி அடுத்து, கேள்வி, பதில். எதுவும் வெட்டுப்படவில்லை. மறுநாள் காலையிலேயே முதல் இடத்துக்கு வந்துவிட்டது. லான்செஸ்டனிலிருந்து ஒரு கர்ப்பிணிப் பெண் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினாள், பொறுக்கி வைத்திருந்த சிப்பியை அந்த வரியைப் பார்த்துத்தான் கொட்டினாளாம். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒயின் திறந்தேன். இதில் எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. அந்த மூன்று வாரம் அந்த வரி செய்தது நல்ல காரியம்.

மார்ச் நடுவில் தண்ணீரைச் சோதித்தார்கள், சிப்பியைச் சோதித்தார்கள், குடாவைத் திறந்துவிட்டார்கள். நான் பக்கத்துக்குள்ளே போய் முதல் வரியில் கொட்டை எழுத்தில் "குடா திறக்கப்பட்டுவிட்டது, சிப்பி பாதுகாப்பானது" என்று போட்டேன். தலைப்பின் மேல் கை வைக்கப் போனேன். அந்தத் தாள் கண்ணில் பட்டது. முதல் இடத்தில் நிற்கிற தலைப்பு. திறந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே விஷயம் இருக்கிறதே என்று சொல்லிக்கொண்டு, கையை எடுத்துவிட்டு டீ போடப் போனேன்.

யார் திறந்து பார்ப்பார்கள்? திறக்காமலே பதில் தெரியட்டும் என்று எழுதியவளே நான்தானே!

ஈஸ்டர் சனிக்கிழமை டேரிலுக்குக் கை உதவிக்குப் போனேன். அவன் வருடத்தில் பாதி வியாபாரத்தை அந்த நாலு நாளில் பார்ப்பான். சாலையில் கார் வரிசையாகப் போனது. கொட்டகையில் ஆள் இல்லை. லின்டல் சிப்பி அடுக்கும் தட்டுகளையெல்லாம் மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் ருசி பார்க்கக் கொடுப்பதற்காகக் கத்தியால் சிப்பி திறந்து ஐஸ் மேல் அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றது. ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து கப்பலில் தீவுக்கு வந்த குடும்பம். கணவன் இறங்கி வந்து, "ரெண்டு டஜன் குடுங்க, பெரிசா பாத்து," என்று பணத்தை நீட்டினான். மனைவி காரிலேயே போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கிரெக், வேணாம். இங்க வா, இதைப் பாரு."

"என்ன?"

"சாப்பிட்டா நோய் வருமாம். கவுன்சிலே போட்டிருக்கு."

டேரில் கைகளைத் துடைத்துக்கொண்டு காருக்குப் போனான். "மேடம், அது பிப்ரவரி சமாச்சாரம். மூணே வாரத்துல தொறந்துட்டாங்க. அந்த வரியை அமுக்குங்க, உள்ள போட்டிருப்பாங்க."

"பரவால்லீங்க," என்றாள் அவள், நல்ல பெண்தான், சிரித்துக்கொண்டே சொன்னாள். "பசங்க கூட இருக்காங்க. அடுத்த தடவை வர்றோம்."

கார் போய்விட்டது. அவன் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலையிலருந்து இது ஆறாவது வண்டி. எந்த நாய் இதை எழுதுச்சோ தெரியல. கையில கெடைச்சா அந்தக் கழிவுத் தண்ணியிலயே முக்கி எடுப்பேன்."

"எவனாவது ஏசி ரூம்ல உக்காந்து எழுதியிருப்பான்," என்றாள் லின்டல். "அவனுக்கென்ன, ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் சம்பளம் தவறாம வந்துடுது. சிப்பிய மூஞ்சிக்கு நேரா பாத்திருப்பானா?"

நான் சிப்பியைத் திறந்துகொண்டிருந்தேன். கத்தி வழுக்கி உள்ளங்கையில் கொஞ்சம் கீறியது. யாரும் பார்க்கவில்லை.

"நோல்," என்றான் தம்பி. "நீ அங்கதான இருக்க. யாருன்னு பாத்து மாத்தச் சொல்லேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். நாய் நான்தான்டா, திங்கட்கிழமை மாற்றிவிடுகிறேன் என்று. திட்டுவான், ரெண்டு கெட்ட வார்த்தை விழும், அப்புறம் சிரித்துவிடுவான். அவன் அப்படிப்பட்டவன். ஆனால் லின்டல் அப்படிப் பேசிய பிறகு, அந்த ஏசி ரூம்காரி நான்தான் என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"அது ஹெல்த் டிபார்ட்மென்ட் சமாச்சாரம்டா," என்றேன். "கேட்டுப் பாக்கறேன்."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது என்று நானே ஆச்சரியப்பட்டேன்.

விடுமுறை முடிந்து ஜாரட்டிடம் போனேன். குடாவைத் திறந்துவிட்டார்கள், அந்தத் தலைப்பை மாற்ற வேண்டும் என்றேன். அவன் விரலை நீட்டி அச்சு இயந்திரத்துக்கு மேலே காட்டினான்.

"அது யார் எழுதுனது, நோலீன்?"

"நான்தான்."

"அப்புறம்? நம்ம தளத்துலயே ஜாஸ்தி கண்ணுல பட்ட பக்கம் இதுதான். தேடினவங்களுக்கு நாப்பத்தோராயிரம் தடவை காட்டியிருக்கு! பாருங்க இந்தக் கோட்டை."

"காட்டியிருக்கு, சரி. எத்தனை பேர் திறந்தாங்க?"

"அது எறங்கிடுச்சு. அதை விடுங்க. அறிக்கையில காட்டினதுதான் கணக்கு."

திரையில் இரண்டு கோடு இருந்தது. ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது, ஒன்று கீழே. ஜாரட்டுக்கு அது வெறும் கோடு. எனக்கு அதன் அர்த்தம் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் சிப்பி என்று தட்டி, என் வரியைப் படித்து, திருப்தியாகப் போனை உள்ளே வைத்துக்கொண்டு வேறு பக்கம் போயிருக்கிறார்கள். கீழே இறங்குகிற அந்தக் கோடுதான் டேரிலின் கொட்டகை.

"ஜூன் முப்பதோட கணக்கு வருஷம் முடியுது. அது வரைக்கும் பொறுத்துக்கங்க," என்றான் ஜாரட். "ஜூலையில கவுன்சிலர்களுக்கு அறிக்கை போகும். அப்புறம் உங்க இஷ்டம். உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறதும் அப்பதானே வருது?"

மிரட்டலா அது? மிரட்டல் இல்லை. அந்தப் பையனுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கடவுச்சொல் என் கையில் இருந்தது. யாரும் என் கையைக் கட்டிப்போடவில்லை. வேலையை நினைத்து நானே கட்டிக்கொண்டேன்.

மே மாதம் ஹோபார்ட் உணவகத்திலிருந்து டேரிலுக்குப் போன் வந்தது. தலைமைச் சமையல்காரர் பேசினார். பழைய சிநேகிதர்.

"உன் சிப்பியில ஒரு குறையும் இல்ல, டேரில். ஆனா மெனுவுல கார்ஸ்வெல்னு பாத்ததும் மேசையிலயே போனை எடுத்துத் தட்டறாங்க. பக்கத்து மேசைக்கும் சொல்றாங்க. நான் என்னப்பா பண்றது?"

எங்கள் பக்கம் ஜூனில் தொடங்குகிற குளிர்காலத்துக்கான ஆர்டர் நின்றுவிட்டது. வருடத்திலேயே அப்போதுதான் சிப்பி கொழுத்து நன்றாக இருக்கும். விற்காத சிப்பி சும்மா இருக்காது, வளர்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் போனால் முழுசாக வாயில் போட முடியாது, ஒருவரும் வாங்கமாட்டார்கள். டேரிலின் கூடைகளில் சிப்பி செருப்பு மாதிரி வளர்ந்து கிடந்தது. பெருநிலத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரன் வந்தான். மூன்று குடா அவன் கையில். பண்ணையை அப்படியே வாங்கிக்கொள்கிறேன், ஜூலை பாதிக்குள் சொல் என்றான். குடாவின் பெயரைப் போடாமல் தங்கள் கம்பெனிப் பெயரில் விற்பார்களாம். பெயர் இல்லையென்றால் யார் எதைத் தேடுவார்கள்?

லின்டல் அவ்வளவு லேசில் விடுகிறவள் இல்லை. சுகாதாரத் துறைக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொண்டுவந்தாள்.

"எனக்கு எழுத வராது நோல், கோவம்தான் வருது. நீ கொஞ்சம் சீர் பண்ணிக் குடு. பதில் உன் மின்னஞ்சலுக்கே வரட்டும். அவங்க பாஷை உனக்குத்தான் புரியும்."

நான் அதை வாங்கிக்கொண்டேன். சீர் செய்தேன். என் மேல் எழுதின புகாரை நானே உட்கார்ந்து, எழுத்துப்பிழை திருத்தி, சுருக்கி, வலுவான இடத்தை முன்னால் கொண்டுவந்து, நன்றாக ஆக்கினேன். அனுப்பினேன். ஒன்பது நாளில் பதில் வந்தது. மரியாதையான பதில். அந்தத் தலைப்பு எங்களுடையது இல்லை, கார்ஸ்வெல் கவுன்சில் இணையப் பிரிவைக் கேளுங்கள், உடனே மாற்றிவிடுவார்கள் என்று எழுதியிருந்தார்கள்.

"எதாவது வந்துச்சா?" என்று லின்டல் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பாள்.

"அரசாங்க வேலை எல்லாம் ஆமை வேகம்தான்," என்பேன்.

ஜூன் முதல் வாரத்தில் ஒருநாள் அவர்கள் கொட்டகைக்குப் போனேன். டேரில் அளவு மீறின சிப்பியைக் கூடை கூடையாகச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தான், தோட்டத்து உரத்துக்கு. பத்தொன்பது வருடத்தில் அவன் முதுகு வளைந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வளைந்திருந்தது. நான் நேரே அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், குளிருக்குப் போட்ட மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, ஜாரட்டைக் கேட்காமல், தலைப்பை மாற்றினேன். "கார்ஸ்வெல் குடா சிப்பி: மார்ச் முதல் பாதுகாப்பானது."

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடித்த கதையாகப் போனது. நாலு மாதத்தில் என் வரி எங்கெங்கோ போய் உட்கார்ந்திருந்தது. மூன்று செய்தித் தளம், இரண்டு சுற்றுலாத் தளம், பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுகிற ஒரு பெண்ணின் பக்கம் எல்லாம் அதை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவ்வளவு நல்ல வரி! என் பக்கம் சறுக்கிக் கீழே இறங்கியதும் அவர்கள் மேலே ஏறினார்கள். யார் சிப்பியைத் தேடினாலும் முன்பு ஓர் இடத்தில் படித்ததை இப்போது ஆறு இடத்தில் படித்தார்கள். ஆறு பேருக்கும் எழுதினேன், போன் செய்தேன். ஒருத்தி மட்டும் பதில் போட்டாள், பார்க்கிறேன் என்று. ஜாரட் வரைபடத்தில் இறங்கின கோட்டைப் பார்த்துவிட்டு, "நீங்களே உங்க விதியை மீறிட்டீங்களே," என்றான். கோபம்கூடப் படவில்லை.

ஜூலையில் எனக்கு விருது கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள். மாநிலத்துக் கவுன்சில்களின் சங்கம் வருடாவருடம் எளிய மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று கொடுக்கும். ஜாரட் பிப்ரவரியிலேயே என் வரியை அனுப்பி வைத்திருந்தான், எனக்குச் சொல்லாமல், ஆசையாக. ஹோபார்ட்டுக்குப் போய்க் கண்ணாடிக் கேடயம் வாங்கிக்கொண்டு, படத்துக்குப் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். வீட்டில் அதைத் துணி அலமாரிக்குள் வைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கவுன்சிலின் செய்தி மடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊரில் எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் விழும் என்பது எனக்கு மறந்தே போனது. அதைத் தயார் செய்வதில் பாதி வேலை என்னுடையது. அந்தத் தடவை ஜாரட் தானே செய்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டேரில் வந்தான். டீ போட்டேன். குடித்தான். மழை, குளிர் என்று கொஞ்சம் பேசினான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து மடலை எடுத்து, நாலாக மடித்திருந்ததைப் பிரித்து மேசைமேல் வைத்தான். முதல் பக்கத்தில் என் படம். படத்துக்கு மேலே என் வரி, பெரிய எழுத்தில்.

"நல்லா எழுதியிருக்க," என்றான்.

"டேரில்..."

"கிண்டல் பண்ணல. நெசமாத்தான் சொல்றேன். பிப்ரவரியில இதைப் படிச்சு எத்தனை பேர் பொழைச்சாங்களோ. அதுல ஒரு தப்பும் கெடையாது. அன்னிக்கு நானும் ஒருத்தருக்கும் விக்கலியே."

நான் மடலைத் தள்ளி வைத்தேன்.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். மார்ச்சுல தொறந்தாங்களே, அன்னிக்கு இதை மாத்தறதுக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்?"

பொய் சொல்ல இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அவனுக்கு என்ன தெரியும், பத்துப் பேர் கையெழுத்து வேண்டும் என்று சொன்னால் நம்பியிருப்பான். எனக்குப் பொய் அலுத்துவிட்டது.

"ரெண்டு நிமிஷம்."

அவன் தலையை ஆட்டினான். கோப்பையை எடுத்துப் பார்த்தான், அதில் ஒன்றும் இல்லை.

"லின்டல் எழுதின லெட்டருக்குப் பதில் வரல, இல்ல?"

"வந்துச்சு."

"எப்ப?"

"மே மாசம்."

"என்ன போட்டிருந்தாங்க?"

"கவுன்சில் இணையப் பிரிவைக் கேளுங்க, ஒடனே மாத்திடுவாங்கன்னு."

"இணையப் பிரிவுன்னா யாரு?"

"நான்தான்டா."

அவன் கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. மேசையைத் தட்டினாலோ, கேடயம் எங்கே என்று கேட்டு எடுத்து உடைத்தாலோ நான் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். அவன் எழுந்து, கோப்பையைத் தொட்டியில் அலம்பிக் கவிழ்த்து வைத்தான்.

"ஈஸ்டர்ல உங்கிட்டதான நோல் நான் கேட்டேன்," என்றான். "வேற யார்கிட்டயும் கேக்கல. நீ பாத்துக்குவேன்னு இருந்துட்டேன்."

திங்கட்கிழமை கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். இப்போது அதே குடாவில், அதே கயிற்றில், மணிக்கூலிக்கு அவர்கள் சிப்பியைத் திருப்பிப் போடுகிறான். என் ஒப்பந்தத்தை மூன்று வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வண்டி ஓட்டும்போது எதிரே யார் வந்தாலும், முன்பின் தெரியாத ஆளாக இருந்தாலும், ஸ்டியரிங்கிலிருந்து ஆட்காட்டி விரலை லேசாகத் தூக்குவது வழக்கம். கடற்கரைச் சாலையில் அவன் வண்டி எதிரே வந்தால் எனக்கும் அந்த விரலைத் தூக்கிவிட்டுப் போகிறான்.